மாறிப்போன பை

மழைக்கோட்டை முன்பின்னாக மாற்றி அணிவது எங்கள் பக்கத்து வழக்கம். மிதிவண்டியில் செல்பவரின் மார்பில் காற்று மழையைக் கொண்டுவந்து அறையும்போது, பொத்தான்களின் இடைவெளி எதையும் தடுக்காது என்று நனைந்தறிந்தவர்கள் கண்ட ஏற்பாடு அது. அதில் ஒரே குறை, அணிந்தவர் தம் பொத்தானைத் தாமே பூட்ட இயலாது. ஆகவே மழைக்காலக் காலைகளில் அம்மாவின் முதுகுக்குப் பின்னே நின்று பொத்தான்களைப் பூட்டுவதும், சீருடை வைத்த ஞெகிழிப் பையை மிதிவண்டியின் முன்கூடையில் வைப்பதும் பதினொரு வயதுப் பெண்ணான என் பொறுப்புகளாயின. இரண்டையும் நான் பெருமிதத்தோடு செய்தேன்; முதலாவதை மட்டும் பிழையின்றிச் செய்தேன்.

அம்மா மலேசியாவின் பத்து பகாட் நகரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தார். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு ரைஸ் குக்கர் பரிசு என்று தொழிற்சாலை அவ்வாண்டு அறிவித்திருந்தது. அம்மா காய்ச்சலோடும் போனார், பல்வலியோடும் போனார். சமையல் மேடையில் அந்தப் பரிசுக்கென்று ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு கரண்டியை வைத்தாலும் எனக்குத் திட்டு விழும். ஆண்டு முடிய இன்னும் மூன்று வாரங்களே இருந்தன.

மூன்றாம் நாளாக மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அம்மாவை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். சீருடைப் பை நாற்காலியிலேயே இருந்தது. நான் கூடையில் வைத்தது அதே நிறத்துப் பை ஒன்று. தைப்பூசக் காவடிக்கென அப்பா வாங்கி வைத்திருந்த மஞ்சள் வேட்டி அதனுள் இருந்தது. சீருடை இல்லாதவரைத் தையல் இயந்திரத்தின் முன் அமரவிட மாட்டார்கள். எட்டரை மணிக்குள் அமராதவர் அன்று வராதவராகவே கருதப்படுவார். பள்ளி விடுமுறைக் காலம். என்னைத் தடுக்க வீட்டில் எவரும் இல்லை. என் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பெரிய சாலை சுற்றுவழி. பாரிட் என்று நாங்கள் அழைக்கும் வடிகால்வாயின் ஓரமாகச் செம்பனைகளுக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை உண்டு. அம்மா நாள்தோறும் சென்று வந்தது அதன் வழியேதான். பாதித் தொலைவு கடந்ததும் பாதை எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில் ஒரே மட்டத்தில் கிடந்தன. இறங்கி, செம்பனை மரங்களை ஒட்டியே வண்டியைத் தள்ளினேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதுதான், அம்மாவும் இவ்வழியே வந்திருப்பார் என்ற எண்ணம் எழுந்தது. அதன் பிறகு நான் பாதையைப் பார்க்கவில்லை. தண்ணீரின்மேல் ஒரு நீல மழைக்கோட்டைத் தேடிக்கொண்டே சென்றேன்.

தொழிற்சாலைக் கொட்டகையில் அம்மாவின் மிதிவண்டி இல்லை. வாயிற்காவலரிடம் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"யாரு, வேட்டி போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அந்தம்மா மகளா?" என்றார் அவர். "ஏன் பாப்பா அழுவுற? பெரிய ரோட்டுல நனைஞ்சிக்கிட்டு வந்தாங்களாம், நம்ம வேன்காரரு பாத்து ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. சைக்கிள் காப்பிக்கடையில நிக்குது லா. உள்ள போய்ப் பாரு."

அந்தச் சில நொடிகளில் என் உடம்பிலிருந்து இறங்கிய சுமையைப் போன்ற ஒன்றை அதன்பின் நான் சுமந்ததுமில்லை, இறக்கியதுமில்லை. சிரித்துக்கொண்டே ஓடினேன்.

ஓய்வறையில் அம்மா மஞ்சள் வேட்டியைப் போர்த்தியபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த இயந்திரத்தில் தைக்கும் அக்கா அவரை விடுவதாயில்லை.

"அலமாக், தைப்பூசத்துக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்கு, அதுக்குள்ள நீங்க கெளம்பிட்டீங்க. காவடி எங்கக்கா?"

"வேன்ல எடமில்லன்னு எறக்கி வச்சிட்டேன்," என்ற அம்மா, என்னைக் கண்டதும் எழுந்தார். "என் தங்கமே, யூனிஃபார்ம் கொண்டாந்துட்டியா!"

மறைவுக்குச் சென்று ஒரு நிமிடத்தில் உடை மாற்றி வந்தார். மணி எட்டு இருபது. பரிசு பிழைத்துவிட்டது. கழுத்துப் பொத்தானைப் போட்டவாறே கேட்டார்: "எந்த வழியா வந்த?"

"பாரிட் வழியாதான். அதானே கிட்ட!"

அம்மாவின் விரல்கள் பொத்தானிலேயே நின்றன. "தண்ணி எவ்ளோ இருந்துச்சு?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். என் வீரத்துக்கு முழங்கால் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

அம்மா வருகை அட்டையை எடுத்துச் சென்று, வெளியேறும் நேரத்தைப் பதித்தார். வேலை முடியுமுன் வெளியேறுவதும் விடுப்புக் கணக்கிலேயே சேரும்.

"அக்கா, மூணே வாரம்! பாப்பாவ கேன்டீன்ல உக்கார வைங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போலாம்," என்று அந்த அக்கா மன்றாடினார். எனக்கும் அதுவே அறிவுடைய யோசனையாகப் பட்டது.

"சோறு பழைய சட்டியிலயும் வேகும் லா," என்றார் அம்மா.

பெரிய சாலை வழியே நடந்தோம். அம்மா ஒரு கையால் என் மிதிவண்டியைத் தள்ளினார். மறு கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. அத்தனை பாடுபட்டு நான் நனையாமல் கொண்டு சேர்த்த சீருடை, வாயிலைத் தாண்டுமுன்பே தொப்பலாக நனைந்தது. "வலிக்குதும்மா" என்று பல முறை சொல்லியும் பிடி தளரவில்லை. பை மாறியதற்கு இவ்வளவு கோபமா என்று எண்ணிக்கொண்டேன். நான் அஞ்சியது முடிந்துவிட்டதால், உலகில் அஞ்சுவதற்கு இனி ஒன்றுமில்லை என்பதே என் கணிப்பு.

வீட்டு வாசலை அடைந்ததும் பூட்டைத் திறக்க அம்மாவுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. சற்றும் தயங்காமல் மிதிவண்டியை விட்டார். அது சாய்ந்து விழுந்து, அதன் மணி நசுங்கியது. என் வண்டியை அவர் ஏன் இப்படிப் போட்டுடைத்தார் என்பதுதான் அன்று முழுவதும் எனக்கிருந்த வருத்தம்.