கைப்பிடி அரிசி

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பால்மாவு டின் கிடைத்தது. மேலே ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ உரிந்துபோய், ஒரு பக்கம் நசுங்கி, மூடியின் விளிம்பு துருப்பிடித்திருந்தது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தவள், என்ன தோன்றியதோ, திறந்து பார்த்தேன். அடியில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று கைப்பிடி அரிசி. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு கை எடுத்துக் கடவுளுக்கென்று தனி டின்னில் போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கோயிலுக்கு (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கொண்டுபோனால், பெண்கள் சங்கத்து அக்கா எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டிக்கொள்வார். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் எல்லாம் கலந்து விடுதிப் பிள்ளைகளுக்குப் போகும். அந்தச் சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருக்கும் என்று சாப்பிட்டவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோவில்பதாகையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அம்மா ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும், "ஏட்டி, டின்ல போட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பதினாறு வருடம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். முதல் மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு போய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்புறம் டிபன் பாக்ஸ் இல்லாமல் போனார். அப்புறம் போகவே இல்லை. கூட வேலை செய்தவர் ஒருவர் அவ்வப்போது வந்து, "இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்குள்ளயே குந்திகினு கீறியே, வா, ஒரு டீ அட்ச்சிட்டு வரலாம்" என்று கூப்பிடுவார். அப்பா சிரித்து மழுப்பிவிடுவார்.

கோயிலுக்குப் போவதும் நின்றது. ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால் போதும், "கம்பெனி தொறந்தாச்சா அண்ணே? ஜெபத்துல வச்சிருக்கோம்" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நல்ல மனசோடு கேட்பதுதான். ஆனால் ஒவ்வொருவரிடமும் 'இல்லை' என்று சொல்ல வேண்டியவர் அப்பா அல்லவா? ஒரு ஞாயிறு, போட்ட சட்டையைத் திரும்பக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கும் அவருக்கும் இப்போதைக்குப் பேச்சுவார்த்தை இல்ல" என்று மேலே காட்டிச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

பிறகு அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தாள். தைத்த சட்டைகளில் நூல் பிசிர் வெட்டும் வேலை. காலை ஏழு மணிக்கே பஸ் பிடிக்க வேண்டும். உலை வைப்பது என் தலையில் விழுந்தது, கூடவே டின்னும். முதல் நாள் மறந்துபோனேன். இரண்டாம் நாள் மறக்கவில்லை, வேண்டுமென்றே போடவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்களுக்கே பத்தவில்லை, உமக்கு எதற்கு என்று கடவுளிடமே கேட்டேன். அந்த மாதம் முழுக்க ஒரு மணி அரிசி போடவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. சேலை கட்டி முடித்து அம்மா டின்னை எடுக்கப் போனபோது நான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன். அம்மா டின்னைத் தூக்கினாள். மூடியை அழுத்தினாள், அது பதியவில்லை. உள்ளே விளிம்புவரை அரிசி. மேல் அரிசியை உள்ளங்கையால் நிரவினாள். பிறகு துணியால் டின்னின் வாயைக் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஞாயிறு பள்ளியில் கேட்ட அற்புதமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துபோய்த்தான் பின்னால் நடந்தேன்.

அற்புதம் யார் செய்தது என்று அடுத்த வாரம் தெரிந்தது. பரீட்சை முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தேன். அப்பா அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிசிப் பானையிலிருந்து ஒரு கை அள்ளி டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். வேலை போய் இத்தனை நாளாகியும் நக இடுக்கில் மெஷின் எண்ணெய்க் கறை போகாத கை. என்னைப் பார்த்ததும் அகப்பட்டுக்கொண்டவர்போலச் சிரித்தார்.

"நீ போடலன்னு பாத்தேன். அம்மா கேட்டா நீ போட்டதாவே இருக்கட்டும்."

"நீங்கதான பேச்சுவார்த்தை இல்லன்னு சொன்னீங்க?"

"அவருக்கு யாரு போட்டா? உங்கம்மாவுக்குப் போடுதேன். தூக்கும்போது கனம் இல்லன்னா அவ ஒடிஞ்சு போயிருவா."

அந்த நாட்களில் அப்பா மதியம் வெறும் கஞ்சிதான் குடித்தார். வயிற்றுக்கு ஆகவில்லை என்றார், நானும் நம்பியிருந்தேன். அதற்குப் பிறகாவது நான் போட்டேனா என்றால், இல்லை. அவர்தான் போடுகிறாரே என்று விட்டுவிட்டேன். அப்படி ஒரு பிடிவாதம்.

கம்பெனி திறக்கவே இல்லை. அப்பா வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஒரு முதல் ஞாயிறு, முகச்சவரம் செய்து சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "டின் கனமா இருக்கு, நான் தூக்கிட்டு வாரேன்" என்றார். கோயிலில் கடைசி பெஞ்சில், டின்னை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் சட்டை ஆணிக்குத் திரும்பவில்லை.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். கோயிலில் இப்போது அரிசி வாங்குவதில்லை. காணிக்கை போனிலேயே போய்விடுகிறது. போன மாதம் என் கணவர் வேலை பார்த்த இடத்தில் ஆட்களைக் குறைத்ததில் அவருக்கும் வேலை போனது. அவர் பகலெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஜெபம் பண்ணலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு வாய் வருவதில்லை. இந்த நிலையில்தான் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ நான் இதுல அரிசி போடலம்மா. அப்பாதான் போட்டாரு."

அம்மா டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியும்ட்டி. மாசம் முழுக்கப் போட்டாலும் என் கைக்கே அது முக்கால்தான் ரொம்பும். உன் கைக்கு அதுவும் வராது. அன்னைக்கு மூடியே மூடலயே."

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? அன்னைக்கு டின்னைச் சங்கத்துல குடுத்துட்டு, இனிமே என்னால முடியாது, கோயிலுக்கும் வரலன்னு சொல்லிட்டு வரணும்னுதான் கெளம்புனேன். தூக்கிப் பாத்தா அந்தக் கனம். பேச மாட்டேன்னு சொன்ன மனுசன் கை நெறைய அள்ளிப் போட்டுருக்காரு. நான் எப்படிம்மா விட முடியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவை அசைக்கவே முடியாது என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன்? அப்பாவிடம் அவள் இதைச் சொன்னதே இல்லையாம். சொல்லியிருந்தால் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பார் என்றாள்.

மறுநாள் காலை டின்னைத் துலக்கி வெயிலில் காயவைத்தேன். உலைக்கு அரிசி அளக்கும்போது, என் கணவர் தண்ணீர் குடிக்க வந்து பக்கத்தில் நின்றார். "எதுக்கு இது?" என்றார். சொல்கிறேன் என்று ஒரு கை அள்ளிப் போட்டேன். டின்னின் அடிகூட மறையவில்லை. என் கை சின்னது. இன்னொரு கை போட்டேன்.