ஈட்டுக்கு ஒரு துண்டு

ஆறு மாதமாக அந்த வீட்டு எண்ணெய்ச் சட்டி பரண்மேல் கிடந்தது. ஏற்றி வைத்தவள் அந்த வீட்டுக்காரிதான். அவள் கணவருக்கு மேல்வயிற்றில் எழுந்த வலி முதுகுவரை குத்தி, சுருண்டு விழுந்தபோது, டாக்டர் கணைய அழற்சி என்றார். உடனே அக்கம்பக்கம் கூடிக் குடிதான் என்று முடிவு கட்டிவிட்டது. அந்த மனிதரோ மோந்துகூடப் பார்க்காதவர்.

"குடிச்சாத்தான் வரும்னு இல்லம்மா. ரத்தத்துல கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டியிருக்கு, அதுவே கணையத்தை வீங்க வச்சிடும். பொரிச்சதையும் இனிப்பையும் நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

நிறுத்தினாள். சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள் அவள். காலையில் காயை வேகவைத்து அவருக்கு டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானும் கொண்டுபோவாள். அவருக்கு இல்லாததைத் தான் மட்டும் தின்ன மனம் வரவில்லை. "மாட்டுக்கு வச்சதைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று பக்கத்து மெஷின்காரி கிண்டலடித்தாள். சிரித்து மழுப்பினாள். அவருடைய டப்பா தினமும் காலியாகத் திரும்பியது. அதுவே போதும் என்றிருந்தாள், அசடு.

போன வாரம் மறுபடியும் விழுந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அவளைத்தான் பார்த்தார். "வீட்ல என்னம்மா சமைக்கிறீங்க?" அவள் கூனிக்குறுகிப் போனாள்.

மறுநாள் பார்க்க வந்தார் கேன்டீன் சூப்பர்வைசர். அவள் கணவர் அங்கேதான் எண்ணெய் அடுப்பு மாஸ்டர். வந்தவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்: "மாஸ்டர் இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்மா. வடை, பஜ்ஜின்னு போட்டு எடுக்கிற ஒவ்வொரு ஈட்டுலயும் மொதத் துண்டு இவர் வாயில போட்டுத் தலையாட்டினாத்தான் தட்டு வெளிய போகும். ஒரு நாளைக்கு முப்பது ஈடு. இவர் விழுந்த அன்னிக்கு வரைக்கும் ஒண்ணு தப்பல."

அவரை வார்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஆறு மாசமாவா?"

"அது ருசி பாக்குறதுடி. சாப்பாட்டுக் கணக்குல வருமா? நீ குடுத்த டப்பாவுல ஒரு பருக்கை மிச்சம் வச்சேனா சொல்லு."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. திருட்டுத்தனமாகத் தின்றிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

"நான் இளைச்சுப்போய் என் சட்டையை ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சேன். உங்க பேண்ட் இடுப்பை ஒரு தடவை பிடிச்சேனா? ஊரான் அளவெல்லாம் பாத்துக்கிட்டு, வீட்ல இருக்கிற இடுப்பைக் கோட்டை விட்டேனே!" கட்டில் கம்பியைக் கையால் ஓங்கித் தட்டினாள்.

"ரெண்டு தடவை பொழைச்சாச்சு. மூணாவது தடவை உங்க உசுரை யாருகிட்ட கேப்பேன் நான்?"

வீடு திரும்பிய அன்றே சட்டியை இறக்கினாள். தனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு தின்றும் அது ருசிக்கவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "காய் நறுக்குற பக்கம் மாத்திக்கிறேன். சத்தியமா" என்றார்.

அவள் எழுந்தாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். தையல் நாடாவை அவர் இடுப்பைச் சுற்றி இழுத்துப் பார்த்து, சாக்பீஸால் சமையலறைக் கதவில் அந்த எண்ணை எழுதினாள்.

"இனிமே உங்க வாயைக் கேக்க மாட்டேன். வாராவாரம் இதைத்தான் கேப்பேன்."