விளக்கு வைக்கும் நேரத்து மாத்திரை

உடம்பு சரியாகிவிட்டதா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில் இன்னும் அதிகமாக முழித்தேன். மார்பில் கட்டி வந்தது, ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. அதுவரைக்கும் எனக்குக் குழப்பமில்லை. வியாதி என்றால் வியாதி. கடைசியாக மருந்து ஏற்றிய அன்றைக்கு புனே டாக்டர் என் கணவரின் கையைக் குலுக்கி, எல்லாம் முடிந்தது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்.

புனேயை ஒட்டி நாங்கள் குடியிருந்த நிக்டிக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "எல்லாம் முடிஞ்சு போச்சுங்க்கா" என்றேன். அக்கா அந்தப் பக்கத்தில் சத்தம் போட்டே அழுதாள். எனக்குக் குணமானால் முடி இறக்குவதாகப் பழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு முட்டி வரைக்கும் தொங்குகிற முடி. சொன்ன வாரமே போய் மழித்துவிட்டு வந்தாள். மாமா போய்ச் சேர்ந்தபோதுகூட அந்த முடியில் கை வைக்காதவள் எனக்காக மொட்டை போட்டாள். என் தலையில் அப்போதுதான் பூனை மயிர் மாதிரி ஏதோ முளைத்திருந்தது.

அதற்குப் பிறகு செக்கப்புக்குப் போனால் டாக்டர் புதிதாக ஒரு சீட்டு எழுதினார். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடத்துக்கு, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். முடிந்தது என்றீர்களே என்று கேட்டேன். முடிந்ததுதான், இது திரும்ப வராமல் இருப்பதற்கு என்றார். அப்படியானால் நான் நோயாளியா என்றேன். "தும்ஹி நார்மல் ஆஹாத்", நீங்கள் நார்மல்தான் என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். நார்மலான மனுஷி எதற்காகக் கேன்சர் மாத்திரை தின்ன வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

மொட்டை போட்டுவிட்டு வந்தவளிடம், இன்னும் ஐந்து வருடம் பாக்கியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. சாமியிடம் கணக்குத் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவளை எழுப்பி உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

மாத்திரைக்கு நான் கடிகாரம் பார்ப்பதில்லை. சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றுவேன், கையோடு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். எதிர் பிளாட் மராத்திக்காரியும் அதே நேரத்துக்குத் துளசிக்கு விளக்கு வைத்துவிட்டு மணியடிப்பாள். அந்த மணிச் சத்தம் கேட்டால் என் கை தானாக மாத்திரைக்குப் போகும். மறந்தேன் என்ற பேச்சே கிடையாது.

மூன்றாவது வருடம் என் கணவர் திடீரென்று ஐரோப்பா டூர் என்றார். பிம்ப்ரியில் அவர் வேலை பார்த்த ஃபேக்டரியில் அவருக்கு லீவு கிடைக்காது. "கோயமுத்தூரை விட்டா வேற ஊரே காட்டலைன்னு வருசம் பூராச் சொல்றியே. உங்கக்காளைக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றார். டாக்டரிடம் போய்க் கேட்டேன். என்னை ஏன் கேட்கிறீர்கள், நார்மலாகப் போய் வாருங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார். அந்த ஒரே பேச்சில் நார்மலும் இருந்தது, மாத்திரையும் இருந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறி வந்தேன்.

அக்கா ரயிலில் வந்து இறங்கினாள். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. அவள் வருவதற்கு முன்பே மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பழைய வைட்டமின் பாட்டில் ஒன்றில் போட்டு வைத்துவிட்டேன். டூர் முடிகிற வரைக்கும் தேவையானதும், கைக்காவலுக்குக் கொஞ்சமும் அதில் இருந்தன. முதல் நாளே, "அதென்ன புள்ள?" என்று கேட்டாள். "சத்து மாத்திரைங்க்கா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

நிக்டியில் இருக்கும்போதே பாட்டில் காலியாகிற வேகம் எனக்கு உறுத்தியது. கைதவறி இரண்டு போட்டுக்கொண்டேனோ என்று நினைத்தேன். வீட்டில் ஆள் வந்திருக்கிறது, பேச்சு வளர்கிறது, விளக்கேற்றிவிட்டு ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒன்று என்று போட்டிருக்கலாம். புத்தி மழுங்குகிறதோ என்று பயமும் வந்தது. மருந்து ஏற்றினால் ஞாபகம் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சுவிட்சர்லாந்து போனதும் நிலைமை மோசமாகிவிட்டது. மே மாதம். அங்கே சாயங்காலமே வருவதில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆகிறது, டூர் பஸ்ஸில் எங்களோடு வந்த புனே ஆட்கள், சின்ச்வட், கோத்ரூட்காரர்கள் எல்லாம் கொட்டாவி விடுகிறார்கள், வெளியே பார்த்தால் நம்மூர் நாலு மணி வெயில். விளக்கு வைக்கிற நேரம் எது? எதிர் வீட்டு மணி எங்கே? வெளிச்சத்தில் மாத்திரை போட்டால் போட்ட மாதிரியே இல்லை. போட்டேனா, போட நினைத்தேனா, நேற்றுப் போட்டதைத்தான் இன்றைக்குப் போட்டதாக நினைக்கிறேனா என்று ஒரே குழப்பம். ஒரு நாள் போட்டுவிட்டேன் என்று விட்டேன். இன்னொரு நாள் போடவில்லை என்று போட்டேன். பாட்டில் மட்டும் கரைந்துகொண்டே வந்தது.

பனிமலை பார்க்கப் போனோம். எல்லோரும் பனியைக் கையில் அள்ளி எறிந்து விளையாடினார்கள். நான் கோட்டுப் பையில் பாட்டிலைத் தடவிக்கொண்டு நின்றேன். தீர்ந்துபோனால் இந்த ஊரில் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். சீட்டு நிக்டியில் பீரோவுக்குள் இருந்தது. ஒரு நாளும் விடக்கூடாது என்றாரே, விட்டால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் சொல்லவே இல்லையே. பக்கத்தில் அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, "என்ன புள்ள, குப்பு குப்புன்னு வேர்க்குது" என்றாள். பனியில் நின்றுகொண்டு வேர்க்கிறது என்கிறாளே, இவளுடைய உடம்பு இரும்பு என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கு ஹோட்டல் அறையில் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அக்கா சொன்னாள். "உன்ற சத்து மாத்திரை நல்லா வேலை செய்யுது புள்ள. முட்டி வலியே காணம். ஊருக்குப் போறப்ப எனக்கு ரெண்டு பாட்டிலு வாங்கிக் குடு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. "எந்த மாத்திரைங்க்கா?" என்றேன்.

"உன்ற பாட்டில்ல இருக்கறதுதான். வந்த நாள்லருந்து தினம் ஒண்ணு போடறனே."

இதில் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டில் என்னுது உன்னுது என்று எதுவும் கிடையாது. ஒரே சீப்பு, ஒரே சோப்பு, தலைவலித் தைலமும் ஒன்றுதான். தங்கச்சி தின்கிற சத்து மாத்திரையை எடுத்துத் தின்ன அக்காவுக்கு யார் உத்தரவு வேண்டும்? அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் அதிசயம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, நான் இரட்டை மாத்திரை தின்னவில்லை, என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று. அடுத்த நொடியே பாட்டிலை எடுத்து என் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

சொல்லிவிட்டேன். அது சத்து மாத்திரை இல்லை, கேன்சருக்கு என்று.

அக்கா காலை மடக்கி உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்றாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. மூன்று வருடம் நான் தின்கிறேன், இரண்டு வாரத்துக்கு இவள் இப்படிப் பதறுகிறாளே என்று. போன் கார்டு வாங்கி நிக்டிக்குப் பேசினேன். என் கணவர் டாக்டரைப் பிடித்துக் கேட்டுவிட்டு மறுநாள் சொன்னார். அக்கா உடனே நிறுத்திவிட வேண்டும், அவளுக்கு வேர்த்தது அந்த மாத்திரையால்தானாம், பயப்பட ஒன்றுமில்லை, திரும்பி வந்ததும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். எனக்குக் கடைசியில் ஓரிரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை, ஊருக்கு வந்து தொடரலாம்.

தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அக்காவுக்கு மற்றதெல்லாம் உறைத்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப உனக்கு வியாதி இருக்குதா, இல்லியா?"

"தெரியாதுங்க்கா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாதுங்க்கா. வராம இருக்கோணும்னுதான் மாத்திரை."

"முடிஞ்சுதுன்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டு வந்தனே."

முடிந்தது என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், அவள் சாமியிடம் சொன்னாள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று பேர் சொன்னதும் உண்மையில்லை மாதிரிதான் இருந்தது. அக்கா மெதுவாகக் கேட்டாள். "நான் தின்னதுல உனக்குக் கொறையுதா?"

"கடைசி ரெண்டு நாளைக்கு இருக்காதுங்க்கா. பரவால்லைன்னுட்டாங்க."

"டாக்டரு சொல்லுவாரு. அந்த ரெண்டு நாளும் உனக்காக நான் வெரதம், பச்சைத் தண்ணிதான் குடிப்பேன்" என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வயசு அறுபது, ஊரோ வேற்றூர், பஸ்ஸில் அலைச்சல் வேறு. அவள் கேட்கிற ஜாதியில்லை.

அப்படியே செய்தாள். மாத்திரை தீர்ந்த முதல் நாள் காலையில் பஸ்ஸில் அவள் போஹாவை, நம்மூர் அவல் உப்புமாவை, வேண்டாமென்று சொன்னதும் விஷயம் பரவிவிட்டது. மராத்திக்காரர்களுக்கு உபவாசம் என்றால் போதும், உற்சாகம் வந்துவிடும். டூரோடு வந்த சமையல்காரர் மத்தியானத்துக்குள் சாபுதானா கிச்சடி கிண்டிக்கொண்டு வந்தார். ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, மேலே எலுமிச்சம்பழம். பஸ்ஸே மணத்தது. அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெரதம்னு சொன்னியா, விருந்துன்னு சொன்னியா?"

"இவங்களுக்கு வெரதம்னா இதைத் திங்கலாமுங்க்கா."

"இத்தனையும் தின்னா சாமி ஒத்துக்குமா? எடுத்துட்டுப் போகச் சொல்லு."

எங்கள் முன் சீட்டில் இருந்த கோத்ரூட் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கிச்சடியைக்கூடத் தொடாத இந்தக் கடுமையான உபவாசம் யாருக்காக என்று மராத்தியில் கேட்டார். எனக்காக என்றேன். "தும்ஹாலா காய் ஜாலே?" என்றார். உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அர்த்தம். என்னை மேலும் கீழும் பார்த்தார். சிவப்பு ஸ்கார்ஃபும் புது ஷூவும் போட்டுக்கொண்டு பூசினாற்போல உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன ஆகியிருக்க முடியும்?

நான் முழித்தேன். அந்தப் பஸ்ஸில் ஒருத்தருக்கும் தெரியாமல் இத்தனை ஊர் சுற்றியாயிற்று. ஒன்றுமில்லை என்று சொல்லலாம். பக்கத்தில் அக்கா உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கேன்சர் என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் நார்மல் என்கிறாரே.

"என்ன கேக்கறாங்க?" என்றாள் அக்கா.

"எனக்கு என்னன்னு கேக்கறாங்க."

"சொல்லு."

"என்னன்னுங்க்கா சொல்லட்டும்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "கேன்சர் வந்துச்சு, இப்ப மாத்திரை தின்னுட்டு இருக்கறேன், நல்லா இருக்கறேன்னு சொல்லு. அதானே நெசம்?"

கேன்சர் வந்தது, இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது வரைக்கும் மராத்தியில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெரிந்த பாஷைதான், சின்ன வாக்கியம்தான், வரவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேனுங்க்கா" என்றேன்.