அழித்த நெளிகோடுகள்

இசைக்குழுவின் பழைய பெட்டியிலிருந்து எடுத்த அந்த வயலின் இசைத்தாளின் தலைப்பில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: தகிட தக திமி. மச்சாளின் கையெழுத்து. அதற்குக் கீழே, சுரங்களுக்கு மேலாக, அழிறப்பரால் அழித்த சில நெளிகோடுகளின் தடம். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இந்த வருடம் அதே இசையைத் திரும்பவும் வாசிக்கப் போகிறோம். மச்சாளின் கதிரையில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. யாழ்ப்பாணத்தில் சம்மணமிட்டிருந்து கர்நாடக வயலின் படித்தவர். ரொறன்ரோவுக்கு வந்து, நாற்பது வயதுக்குப் பிறகு, கதிரையில் நிமிர்ந்திருந்து, வயலினைத் தாடைக்குக் கீழே செருகி, தாள் பார்த்து வாசிக்கப் பழகினார். நான் இங்கே பள்ளிக்கூடத்திலேயே செலோ என்ற பெரிய வயலின் படித்தவள். அந்தக் கெப்பர், அந்தப் பெருமை, எனக்கு அப்போது கொஞ்சம் கூடத்தான். குழுவில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான். செவ்வாய்க்கிழமைகளில் மில்லிக்கனில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்குப் போவேன்.

முதல்முறை நாங்கள் வாசித்த அந்த இசை, டான்போர்த் பக்கம் வசிக்கும் ஒரு கிரேக்க இசையமைப்பாளர் எழுதியது. தகப்பனின் தீவில் கல்யாணங்களில் ஆடும் ஆட்டப் பாட்டுகளை எடுத்து, மேற்கத்திய இசைக்குழுவுக்கு ஏற்ப அமைத்திருந்தார். ஏழு எண்ணிக்கைத் தாளம். முதல் ஒத்திகையில் குழு முழுவதும் தடக்குப்பட்டது. நடத்துபவர் எண்ணி எண்ணிக் களைத்துப்போனார். மச்சாள் தொடையில் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உது எங்கட மிஸ்ர சாபுதானே."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். தாளம் பிசகவில்லை. ஆனால் பழக்கதோஷத்தில், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் வழுக்கிக் குழைந்து போனது. இடைவேளையில், எங்கெங்கே குழைய வேண்டும் என்று ஆசையாகத் தாளில் நெளிகோடு வேறு போட்டார். பத்து வயலின்கள் ஒரே குரலாக ஒலிக்க வேண்டிய இடத்தில் அவருடையது தனியாகக் கேட்டது. முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்: "மச்சாள், உந்தக் கமகத்தை வீட்டில வைச்சிட்டு வாங்கோ. சேர்த்துவிட்ட எனக்கெல்லோ வெட்கம்."

அவர் கோபிக்கவில்லை. "ஓம், இனி நேராய் வாசிக்கிறன்" என்றார். அடுத்த கிழமை ஒத்திகையில் தாளில் கோடுகள் இல்லை. அவரது வயலினை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கேட்கவும் முடியவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன்.

கடைசி ஒத்திகைக்கு இசையமைப்பாளரே வந்தார். முதல் ஒத்திகையின் பதிவை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். வாசித்து முடிந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பதிவில் வழுக்கிக்கொண்டு போன வயலின் எங்கே என்று கேட்டார். தீவில் கல்யாண வீட்டில் வாசிப்பவர்கள் அப்படித்தான் வாசிப்பார்களாம். அதைத் தாளில் எழுதத் தனக்கு வழி தெரியவில்லை, அதைத் திரும்பக் கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். செலோவின் கம்பிகளைத் துடைக்கிற சாட்டில் குனிந்துகொண்டேன். மச்சாளும் தான்தான் என்று கை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருப்பார்கள், கதை என்னில் வந்து முடிந்திருக்கும்.

அதன்பிறகு இரண்டு வருடம்கூட அவர் இருக்கவில்லை. புற்றுநோய். படுக்கையில் கிடந்த நாட்களில் பக்கத்தில் இருந்து எவ்வளவோ கதைத்தேன். இதை மட்டும் கதைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, தடத்தின் மேலேயே பென்சிலால் வரைகிறேன். மச்சாளின் கதிரையில் இப்போது இருப்பவரிடம் இதன்படி வாசிக்கச் சொல்லப் போகிறேன், யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும். ஐந்து கோடுகள் வந்துவிட்டன. ஆறாவதை நன்றாக அழுத்தி அழித்திருக்கிறார். மேலே போய் இறங்குகிறதா, கீழே போய் ஏறுகிறதா என்று தெரியவில்லை. தொடையில் தட்டித் தட்டிப் பாடிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. மச்சாளிடம்தான் கேட்க வேண்டும்.