கொப்பு வெட்டப் போகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி

ஸ்பிரிங்வெளி மலைத்தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவனுக்கு உயரம் என்ன பெரிய பயம் என்ற திமிரோடுதான் சரக்குக் கப்பலில் சேர்ந்தேன். ராடார் சுற்றும் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க ஏற வேண்டிய முதல் நாள், சீஃப் ஆபீசர் எங்களை நிறுத்தி வைத்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: மேலே என்ன தப்பு நடக்கலாம்? யாராவது ராடாரை ஓட விடலாம், கப்பல் ஆடலாம், புகைபோக்கியின் புகை மூச்சை அடைக்கலாம் என்று மற்றவர்கள் அடுக்கினார்கள். நான், "ஒன்றும் ஆகாது சார்" என்றேன். என்னைக் கீழேயே நிறுத்திவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதில் தெரியாமலா அப்படிச் சொன்னேன்? எங்கள் லயத்தில் மரம் ஏறப் போகிறவன் முன்னால் விழுவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஏறுகிறவன் மரத்தைத் தொட்டுக் கும்பிடுவான், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். அந்தப் பழக்கத்தை நடுக்கடல் வரை சுமந்துகொண்டு போயிருக்கிறேன். கெட்டதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

என் அண்ணனுக்குத் தோட்டத்தில் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரம் ஏறிக் கொப்பு வெட்டுகிற வேலை. இந்த விடுமுறைக்கு வரும்போது, தோளையும் தொடையையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் கயிறும் அவனுக்காக வாங்கி வந்தேன். மறுநாள் காலை லயத்துக்குப் பின்னால், கூரைப் பக்கம் சாய்ந்த மரத்தில் கால் வைக்கப் போனான். பட்டையெல்லாம் பனி ஈரம்.

"அண்ணே, இரு. விழுந்தா என்ன செய்யிறது?"

"காலங்காத்தால வாய வச்சிட்டான் பாரு. கப்பல்ல இதத்தான் படிச்சியா?"

"அச்சானியமா பேசாத தம்பி" என்றார் அவனோடு வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமா.

பெல்ட்டை நீட்டினேன். மாட்டைக் கட்டுவதுபோல் கட்டப் பார்க்கிறான் என்று அண்ணன் சிரித்தான்.

வாசலில் நின்ற அண்ணி மரத்தடிக்கு வந்தாள். "ஏங்க, தம்பி கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு ஏறுங்க. பாதியில தொங்குனா உங்கள யாரு எறக்குவா?"

அண்ணன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்து, "கயித்த நீங்க புடிப்பீங்களா?" என்று கேட்டான்.

வெயில் ஏறிப் பட்டை காயும்வரை காத்திருந்தோம். கல்லைக் கட்டி எறிந்து கயிற்றை மேல்கவட்டில் போட்டு, ஒரு நுனியை அண்ணன் மாட்டிய பெல்ட்டில் கட்டி, மறுநுனியை அடுத்த மரத்தில் சுற்றி மாமாவிடம் கொடுத்தேன். முதலில் ஆள் உயரத்தில் அண்ணனைத் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தோம். லயமே கூடிச் சிரித்தது. அப்புறம்தான் ஏறினான். வெட்டினான், இறங்கினான்.

"பாத்தியா, ஒன்னும் ஆகல" என்றான் என்னிடம்.

"அதுக்குத்தானே இவ்வளவு பாடு" என்றேன். சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாள் நான் கேட்காமலே பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். கொப்பு வெட்டும் நாட்களில் அவன் திரும்பும்வரை அண்ணி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அன்று அவன் போன கையோடு அடுப்படியில் உட்கார்ந்து, ரொட்டியைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, "தம்பி, உங்களுக்கு இன்னொன்னு சுடவா?" என்று கேட்டாள்.