முழங்கால் உயரக் கவ்வாத்து

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த பாலாமணிக்குத் தன் பெயரில் கிடைத்த முதல் நிலம் ஏழு பேர்ச், ஒரு சின்ன வீட்டு மனையளவு. வீடு போக மிஞ்சிய பின்பக்கத்தில் கணவர் இந்திரகுமார் கறிக்குப் போஞ்சிக்காய் போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டுத் திராட்சை வைக்கலாம் என்று அவள் சொன்னாள்.

"இந்த மழையில திராட்சையா? பேரீச்சையும் வையி, ஒட்டகம் ஒண்ணு வாங்கிருவோம்" என்றார். பிறகு, "சரி, ரெண்டு வருஷம். காய்க்கலன்னா மறுபடி போஞ்சிதான்."

பலாமர நிழல் எந்நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் பார்த்து, கலண்டர் தாளின் பின்புறம் நான்கு குழிகளை வரைந்தாள். யாழ்ப்பாணத்தில் கன்று விற்கும் நிதுஷனிடம் நான்கு கன்றுகள் வாங்கி, தம்புள்ளையில் பஸ் மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். இரும்புக் குழாய் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டார்கள். மழை நாட்களில் முகம் கழுவும் முன்பே இலைகளைத் திருப்பிப் பார்ப்பாள், அடியில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா என்று.

கொடி பந்தலை மூடியது. காய் இல்லை. கெடுவுக்கு ஆறு மாதம் இருந்தபோது நிதுஷனுக்கு போன் எடுத்தாள்.

"மழைக்கு முந்திக் கவாத்துப் பண்ணுங்கோ அக்கா. வெட்டினால்தான் பூக்கும்."

அதை வீட்டில் சொன்னாள். இந்திரகுமாருக்கு அது தெரிந்த சொல். தேயிலை மலையில் அவர் வாழ்நாளெல்லாம் செய்தது, செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் கவ்வாத்து வேலைதான். மறுநாள் அவள் கிளினிக் போய் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார்.

பந்தலில் இலை வாடிக் கிடந்தது. கீழே முழங்கால் உயரத்தில் நான்கு கட்டைகள். வெட்டுவாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னாங்க இது?"

"நீதான கவ்வாத்துன்ன."

"தேயிலைக்கா சொன்னேன்?"

அவர் கத்தியைப் பார்த்தார். தேயிலை இப்படிச் சொட்டாது.

மறுபடி நிதுஷனுக்கு போன் எடுத்தாள். "பந்தலில கிடக்கிற கொடியையெல்லோ வெட்டச் சொன்னனான்."

"செத்துருமா தம்பி?"

"வேர் நல்லா இருந்தால் துளிர்க்கும். தண்ணி மட்டும் நிக்க விடாதேங்கோ."

மழை பிடித்துக்கொண்டது. கட்டைகளை விட ஒரு கேள்விதான் பாலாமணியை அரித்தது. வெட்டியது அவர் கைப்பழக்கமா, இல்லை போஞ்சி மேல் இருந்த ஆசையா? கேட்கவும் பயமாக இருந்தது. போஞ்சிக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பின்பக்கம் மம்பட்டிச் சத்தம். கட்டைகளைக் கிண்டிப் போடுகிறார் என்று நினைத்து ஓடினாள். மழையில் நனைந்தபடி, கட்டைகளைச் சுற்றி நின்ற தண்ணீரை வடியவிட அவர் கான் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு கான்கள், பழையவை. அந்தப் பக்கமே போகாதிருந்த அவளுக்கு, எப்போது வெட்டினார் என்று தெரியாது.

"இங்க பாரு" என்றார். முதல் கட்டையின் பக்கவாட்டில் பயறளவு சிவப்பு முளை. அடுத்த இரண்டிலும் இருந்தது. "ரெண்டு வருஷம் கூட்டிக்க. போஞ்சிய வேலியோரமா போட்டுக்கிறேன்."

அவள் கை நீட்டினாள். "அந்தக் கவ்வாத்துக் கத்திய மொதல்ல எங்கிட்ட குடுங்க."

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டே அவள் நான்காவது கட்டையருகே குனிந்தாள். அதில் இன்னும் ஒன்றுமில்லை.