பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, மூடுவதற்கு முன் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத ஆளுக்கும் அதில் முன்வரிசை கிடைக்கும். எங்கள் வீட்டு முன்னறையில் அப்படியொரு படம் இன்னும் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டிக்குள் இருப்பது அப்பாவின் அக்கா. பாறசாலையில் டீச்சராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருப்புறம் ஊர்க்காரி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்தாள். ஆகவே விவரம் தெரிந்த நாள் முதல் அந்த வீட்டில் எனக்கு இரண்டு அத்தைகள். ஒருத்தி மீன் கழுவினால் மற்றவள் மரச்சீனிக் கிழங்கு அவிப்பாள். சண்டை வந்தால் இருவரும் பட்டினி கிடப்பார்கள். காலையில் அத்தை பள்ளிக்கூடம் கிளம்பும்போது திருப்புறத்து அத்தைதான் சேலைக்கு மடிப்பெடுத்து, தோளில் சேஃப்டி பின்னை உள்பக்கமாகக் குத்திவிடுவாள். அத்தை படுக்கையில் விழுந்தபிறகு ஊட்டியதும் மலம் மூத்திரம் அள்ளியதும் அவளேதான். எங்கள் சொந்தபந்தம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, உடனே பஸ் ஏறிவிடும்.

அடக்கத்தன்று படக்காரர் ஆட்களை நிறுத்தினார். காட்டாக்கடையிலிருந்து காரில் வந்திறங்கிய சித்தப்பாவுக்குத் தலைமாட்டில் இடம். திருப்புறத்து அத்தை அடுக்களை வாசலில் நின்றாள்.

எனக்கு ஒன்பது வயது. அவளை மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு ஆளு குறையுது!" என்று கத்தினேன்.

படக்காரர் அப்பாவைப் பார்த்தார்.

"அது துணைக்கு நின்ன ஆளாக்கும். நீங்க எடுங்க," என்றார் அப்பா.

துணைக்கு நின்ன ஆளாம்! ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உருவிக்கொண்டாள்.

"விடு மக்கா. எனக்குப் படம் வேண்டாம்."

கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா என் காதைத் திருகி வரிசையில் நிறுத்தினார். படத்தில் எல்லோரும் துக்கமாக நிற்க, நான் மட்டும் கடித்துக் குதறப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாமேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் வந்ததுதான் பெரிது. இவ்வளவுதானா உன் பாசம் என்று பல வருடம் மனதுக்குள் வைதுகொண்டே இருந்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியபிறகு ஒருநாள், படத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"அடக்கத்தண்ணைக்குக் காலத்தே அவ உனக்க அப்பாகிட்ட கையெடுத்துக் கும்பிட்டா. 'படத்துக்கு நிக்கமாட்டேன், சத்தம்போட்டு அழமாட்டேன், அவளைக் குளிப்பாட்டி சேலை உடுத்த மட்டும் என்னைய விடணும்'னு கேட்டா. அப்பாவும் சரின்னு விட்டாரு."

விட்டாராம்! என்ன பெரிய மனசு! கூடவே வாழ்ந்தவளைக் கடைசியாகக் குளிப்பாட்ட, ஒரு பெண் அடுத்தவன் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

படத்தை வாங்கிப் பார்த்தேன். அத்தையின் தோளில் சேலை மடிப்பு கலையாமல் நிற்கிறது, சேஃப்டி பின் மட்டும் வெளியே தெரியவில்லை; உள்பக்கமாகக் குத்தியிருக்கிறது. கழுத்தில் பின் உரசினால் அத்தைக்கு ஆகாது. பெட்டியைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் அது தெரியாது; குத்திவிட்டவளுக்குத்தான் தெரியும். அன்று அவ்வளவு பக்கத்தில் நின்றும், ஆள் குறைகிறது என்றுதான் நான் கத்திக்கொண்டிருந்தேன்.